இருந்தானா, இருக்கானா

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான், அம்மா, உன் மருமகள் மூவரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் மழையைப் பற்றி எழுதியிருந்தாய், மாடிப்படிக்கு அடியில் நாய் குட்டி போட்டதை எழுதியிருந்தாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

எட்டு மாதமாக உன் போன் ரிப்பேரில் கிடக்கிறது. இந்நேரம் அந்தக் கடைக்காரர் புதிதாக ஒரு போனையே செய்து முடித்திருப்பார். கண் எரிகிறது என்று கணினியையும் விட்டுவிட்டாய். "எழுத கை இருக்கு, பேச வாய் இல்லையா அவனுக்கு?" என்று அம்மா தினமும் என்னைத்தான் கேட்கிறாள். நானென்ன பதில் சொல்வது?

சரி, ஒரு உதவி. இந்த வருஷம் இதழியல் மாணவர்களுக்கு அறம் என்ற பாடத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நாற்பத்தாறு பேர். புத்தகத்தைத் திறந்தால் வரிசையாகக் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் இணையத்தில் ஒரு பயிற்சி செய்யப்போகிறேன். எங்கள் கணினிக்காரர் கூடவே இருந்து செய்து தருகிறார். மாணவன் நிருபராக உட்கார வேண்டும், திரையில் நெருக்கடி வரும், கடிகாரம் ஓடும், அவன் முடிவெடுக்க வேண்டும். அவன் எடுக்கும் முடிவுக்கு ஏற்ப அடுத்த திரை மாறும். உன் பதினோரு வருஷ அனுபவத்தில் நல்லதாக ஒரு சம்பவம் கொடு. கற்பனையாக நான் எழுதினால் பசங்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா, இல்லை கொடுப்பதாகச் சொல்கிறாளா? மருமகளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா? இங்கே குட்டிகள் கண் திறந்துவிட்டன.

ஆள் போதவில்லை என்று என்னைத் தற்காலிகமாக இரங்கல் விளம்பரப் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் எழுதிக்கொண்டு வருவதைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் வேலை. எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் கவுன்டருக்கு வருகிறவர்களுக்கு விஷயம் ஏற்கனவே தெரியும். நேற்று ஒரு அம்மாள் தன் கணவரைப் பற்றி "ரயில்வேயில் பணியாற்றுகிறார்" என்று எழுதிக்கொண்டு வந்தார். "பணியாற்றினார்" என்று திருத்திக் கொடுத்தேன். அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நீ கேட்ட சம்பவம் ஒன்று இருக்கிறது. எங்கள் அலுவலகத்து நிருபர் ஒருவனுக்கு நடந்தது. தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற வேன் கவிழ்ந்து ஆறு பேர் இறந்துபோனார்கள். சாயங்காலம் நாலேகால் மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பட்டியல் வந்தது. ஒரு பெயருக்கு எதிரே வீட்டு போன் நம்பர். வீட்டுக்குத் தகவல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவன் நம்பரைச் சுழற்றினான். இறந்த பையனின் அப்பா எடுத்தார். "உங்க பையன் எப்படிப்பட்டவரா இருந்தாருங்க?" என்று கேட்டான். அவருக்கு அதுவரை தெரியாது. அந்த "இருந்தார்" சொல்லித்தான் தெரிந்தது.

உன் வகுப்புக்கு இது உதவுமானால் எடுத்துக்கொள். பெயர் எதுவும் வேண்டாம்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். முன்பல் பாதி முளைத்திருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறையும் எழுதவில்லை.

உன் சம்பவம் அபாரமாக வேலை செய்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் பட்டியல் வரும், பக்கத்தில் ஏழு நிமிடக் கடிகாரம் ஓடும். கீழே மூன்று பொத்தான்: வீட்டுக்குப் போன் செய், போலீஸிடம் கேள், காத்திரு. முதல் பொத்தானை அழுத்தினால் அப்பா "ஹலோ" என்பார். மாணவன் தன் முதல் வாக்கியத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதில் "இருந்தார்" "இருந்தான்" என்ற இறந்தகால வினை இருக்கிறதா என்று இயந்திரம் தேடும். இருந்தால் அழுகைச் சத்தம், சிவப்புத் திரை: "ஒரு மரணத்தை நீங்கள் அறிவித்துவிட்டீர்கள்." பத்து மதிப்பெண் கழிந்துவிடும்.

நாற்பத்தாறு பேரில் முப்பத்தொன்பது பேர் போன் செய்தார்கள். இருபத்தெட்டு பேர் "இருந்தார்" என்று எழுதினார்கள். வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. கொட்டாவியைக் காணோம்.

உனக்குத் திரை ஆகாதே, அதனால் எல்லாத் திரைகளையும் அச்சிட்டு அனுப்புகிறேன். உண்மையான நிருபரைப் பற்றி மாணவர்கள் எழுதிய கருத்துகளைக் கடைசிப் பக்கத்தின் அடியில் நானே கையால் எழுதியிருக்கிறேன். "இவனெல்லாம் மனுஷனா?" என்று ஒருவன். "அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருக்கணும்" என்று இன்னொருத்தி. ஓயாமல் கேள்வி கேட்பதால் கேள்விக்குறி என்று பெயர் வாங்கிய ஒரு பெண் இருக்கிறாள். அவள் மட்டும், "அப்புறம் அந்த நிருபர் என்ன ஆனார்?" என்று எழுதியிருக்கிறாள். என்ன ஆனார்?

ஜாக்கிரதையாக இரு. பதில் போடு.

அக்கா

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலமென்று நம்புகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது. விளம்பரம் அதிகம்.

பக்கங்களைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையைப் பார்த்துக் கோபப்படாதே, கைப்பழக்கம்.

பக்கம் ஆறில் அழுகை வேண்டாம். அவர் அழவில்லை. "இருந்தாரா? இருக்கான்ங்க. காலையிலதான சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டுப் போனான்" என்றார். குரல் உயரவில்லை. வழி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க, அடுப்பை அணைச்சிட்டு வர்றேன்" என்றார். ரிசீவரை மேஜையில் வைத்த சத்தம். அடுப்பின் குமிழைத் திருகும் சத்தம். கதவு. அதற்குப் பிறகு ஒரு சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வந்து எடுக்கவில்லை.

சிவப்புத் திரை உண்மையில் வராது.

அம்மாவுக்கு மாத்திரை நேரத்துக்குக் கொடு.

தம்பி

ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் திருத்தங்கள் தங்கம். அழுகையை எடுத்துவிட்டேன். எங்கள் கல்லூரி பஸ் டிரைவரை அப்பாவாகப் பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். ஒரே தடவையில் பேசி முடித்தார். இன்னொரு தடவை கேட்டதற்கு, "வேணாங்க மேடம், இது வாயில வரக்கூடாத வார்த்தை" என்று எழுந்து போய்விட்டார். கணினிக்காரர் தன் வீட்டு அடுப்பின் சத்தத்தைப் பதிந்துகொண்டு வந்தார்.

பெரிய செய்தி: எங்கள் துறைத் தலைவர் பார்த்துவிட்டு, இன்னும் பன்னிரண்டு கல்லூரிகளுக்கு இதைக் கொடுக்கலாம் என்கிறார். செப்டம்பர் இருபதாம் தேதி இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுகிறோம். அன்றைக்கு அந்த நிருபர் வந்து மாணவர்களிடம் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும். நீ சொன்னால் கேட்பானல்லவா? இவ்வளவு நுணுக்கமாக உன்னிடம் சொல்லியிருக்கிறானே.

சீக்கிரம் எழுது. வெயிலில் அலையாதே.

அக்கா

செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? தபால் பெட்டியைத் திறக்கும் வேலையை அம்மா இப்போது தன் வசம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். முழங்காலோடு ஒரு நாளைக்கு நாலு தடவை படி இறங்கி ஏறுகிறாள்.

நேற்று வகுப்பில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். புதிய திரைகளைக் காட்டினேன். டிரைவரின் குரல் வந்தது, அடுப்பு வந்தது, கதவு வந்தது, கடிகாரம் வந்தது. கேள்விக்குறி கையைத் தூக்கினாள். "மேடம், இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றாள். தெரிந்தவர் ஒருவர் என்றேன். "அடுப்பை அணைச்ச சத்தத்தைக் கேட்டவர் ஒருத்தர்தானே இருக்க முடியும், மேடம்?"

பாடத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தேன். பக்கத்து மேஜைக்காரி, "உங்க தம்பியும் பத்திரிகையிலதானே?" என்று பேச்சுக்குக் கேட்டாள். "ஆமா, நிருபரா இருந்தான்" என்றேன். சொன்ன வாயை அப்படியே பொத்திக்கொண்டேன். "இருக்கான், இருக்கான்" என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒரு வரி எழுது. வேறெதுவும் வேண்டாம், நன்றாக இருக்கிறேன் என்று மட்டும்.

அக்கா

செப்டம்பர் 17

தம்பி,

உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். டெலிபோன் ஆபரேட்டர் நல்ல மனுஷி. நீ விளம்பரப் பிரிவுக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறதாம். தற்காலிகம் இல்லையாம், நீயேதான் எழுதிக் கேட்டு வாங்கினாயாம். ஒன்பது நாளாக விடுமுறையாம், எங்கே என்று யாருக்கும் தெரியாதாம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. துரிதத் தபாலில் அனுப்புகிறேன். ஒரு வாரம் பார்ப்பேன், பதில் வராவிட்டால் அங்கே கிளம்பி வந்துவிடுவேன்.

நீ எங்கே இருக்கிறாய்? எப்படி இருக்கிறாய்?

அக்கா

செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. கிளம்பி வராதே. நான் எங்கும் போகவில்லை, அறையிலேயேதான் கிடந்தேன். குட்டிகளுக்குப் பால் வைக்க மட்டும் கீழே இறங்கினேன். நேற்றிலிருந்து வேலைக்குப் போகிறேன்.

அந்த நிருபர் நான்தான். உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். உன் மாணவிக்கு முதலில் தெரிந்துவிட்டது, கெட்டிக்காரி.

பதினேழு நிமிடம் ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். வைக்கத் தைரியம் வரவில்லை, பேச வாய் வரவில்லை. அந்தக் கடிகாரத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். செய்தி ஆசிரியர் வந்து தோளைத் தட்டி, "என்னப்பா, கிடைச்சுதா?" என்றார். வைத்துவிட்டேன். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே இருந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறேன். போன் ரிப்பேரில் இல்லை. அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கொஞ்சம் இருக்கிறது. "இவனெல்லாம் மனுஷனா?" என்று எழுதியது ஒரு மாணவன் என்று தெரியும். ஆனால் அது உன் கையெழுத்தில் இருந்தது, அக்கா. சின்ன வயதில் என் நோட்டுப் புத்தகத்துக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்த அதே கையெழுத்து. அந்தப் பக்கத்தைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன்.

இருபதாம் தேதி திறந்துவிட்டீர்களா? பன்னிரண்டு கல்லூரி என்றால் எத்தனை பேர் இருப்பார்கள்?

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

தம்பி

செப்டம்பர் 28

என் தம்பிக்கு,

திறக்கவில்லை. உன் அலுவலகத்துக்குப் போன் செய்த அன்றே துறைத் தலைவரின் அறைக்குப் போய் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். கணினிக்காரர் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார், ஒரு கடவுச்சொல்தான், ஆனாலும் சாவி என்றுதான் சொல்கிறார்.

அறம் வகுப்பின் முதல் நாளன்று நான் கரும்பலகையில் எழுதுவது என்ன தெரியுமா? "ஒருவர் சொன்னதை ஊருக்குச் சொல்லும் முன் அவரிடம் கேள்." நாற்பத்தாறு பேரையும் நோட்டில் எழுத வைத்தவள் நான். உன் கடிதத்தை எடுத்துப் பன்னிரண்டு கல்லூரிக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தேன், உன்னிடம் கேட்கவே தோன்றவில்லை. தம்பிதானே என்ற எண்ணம். அதோடு அந்த வரிகளை என் கையாலேயே எழுதி உனக்கு அனுப்பினேனே. அதை நினைத்தால் இந்தப் பேனாவைப் பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

இப்போது கேட்கிறேன், எப்போதோ கேட்டிருக்க வேண்டியதை. அந்தப் பயிற்சி இருக்கலாமா, கூடாதா? கூடாது என்றால் இன்றைக்கே அழித்துவிடுகிறேன்.

அம்மாவிடம் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரை பெயர் கேட்கிறாள், ஏதாவது ஒன்று எழுது.

அக்கா

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடு. மாத்திரைப் பெயர் சொன்னால் அம்மா மருந்துக்கடைக்காரரை விசாரித்துவிடுவாள்.

மன்னிப்பெல்லாம் கேட்காதே, வேடிக்கையாக இருக்கிறது. பயிற்சியைப் பற்றி மூன்று நாள் யோசித்தேன். என்னிடம் கேட்கிறாய், ஆனால் அது என்னுடையது பாதிதான். மீதிப் பாதி அவருடையது. அடுப்பும் அவருடையது, கடிகாரமும் அவருடையது. அவரிடம் யார் கேட்பது?

நான்தான் கேட்க வேண்டும். அந்த விலாசம் என்னிடம் இருக்கிறது. இங்கிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். போன ஞாயிற்றுக்கிழமை தெருமுனைவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். அவரைப் பார்த்து முதலில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எந்த வாக்கியத்தை எடுத்தாலும் கடைசியில் அந்த வினைச்சொல்லில் போய் முட்டிக்கொள்கிறது.

அதுவரை பூட்டியே இருக்கட்டும்.

தம்பி

நவம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ அந்தத் தெருவுக்குப் போன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. போகச் சொல்லவும் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. அதனால் இரண்டையும் சொல்லவில்லை.

வகுப்பில் நான் செய்த தவறைச் சொன்னேன். உன்னைச் சொல்லவில்லை, அனுமதி கேட்காமல் ஒருவரின் வலியைப் பாடமாக்கினேன் என்று மட்டும். "இவனெல்லாம் மனுஷனா?" என்று எழுதிய பையன் தலையைத் தூக்கவே இல்லை. அந்தக் கருத்தை எடுத்துவிடுகிறேன் என்று பிறகு வந்து சொன்னான்.

அப்புறம் கேள்விக்குறி ஆரம்பித்தாள். பட்டியல் வந்ததும் முதலில் போலீஸைத்தான் கேட்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்றைக்காவது அந்த அப்பாவிடம் பையனைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்றால் எப்படிக் கேட்பது? ஒரு மணி நேரம் நாற்பத்தாறு பேரும் ஒரே வாக்கியத்தோடு மல்லுக்கட்டினார்கள். இருந்தார் என்றால் குத்துகிறது, இருக்கிறார் என்றால் பொய்யாகிறது. கடைசியில் அவளே சொன்னாள். "வினையை எதுக்குப் போடணும், மேடம்? 'உங்க பையன் எப்படிங்க?' அவ்வளவுதான். மிச்சத்தை அவர் போட்டுக்கட்டும்."

பூட்டிய பயிற்சியைத் திறக்கவில்லை, கணினிக்காரர் தனியாக வைத்திருக்கும் மாதிரித் திரையில் அதைத் தட்டிப் பார்த்தோம். இயந்திரம் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டே நின்றுவிட்டது. எந்தத் திரையும் வரவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, இதற்கு என்ன பதில் போடுவது என்று தனக்கே தெரியவில்லை என்றார்.

உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. பத்திரமாக இரு.

அக்கா

நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவைத் திறந்தவர் அவர்தான். குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் போன் செய்தவன் நான்தான் என்று சொன்னேன். கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். பிறகு, "வேன்காரன் ஆபீஸுக்கு ஓடிப்போய்க் கேட்டுட்டுத் திரும்பி வந்து எடுத்தேங்க. அப்ப நீங்க லைன்ல இல்லை" என்றார். ஆமாம், வைத்துவிட்டேன் என்றேன்.

உள்ளே உட்காரச் சொன்னார். அந்தக் கடிகாரம் நான் நினைத்ததைவிடச் சின்னது. போனும் அதே மேஜையில்தான் இருந்தது. உன் பயிற்சியைப் பற்றிச் சொல்லி அனுமதி கேட்டேன். பசங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் அதற்கு மார்க் மட்டும் போட வேண்டாம் என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள் என்றார்.

எழுந்துகொள்ளப் போனேன். "அன்னைக்கு என்னமோ கேட்டீங்களே, தம்பி. இப்பக் கேளுங்க" என்றார்.

"உங்க பையன் எப்படிங்க?" என்று கேட்டேன்.

இரண்டு மணி நேரம் சொன்னார். கோபக்காரனாம், சட்டை மடிப்புக் கலையக்கூடாதாம், தங்கைக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு அவள் கீழே விழுந்ததும் அவனே அழுதானாம். சில இடத்தில் "செஞ்சான்" என்றார், பல இடத்தில் "செய்வான்" என்றார், "கோபக்காரனா இருக்கான், என்ன பண்றது" என்றார். நான் ஒன்றையும் திருத்தவில்லை. எதையும் குறித்துக்கொள்ளவும் இல்லை.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் வீட்டுப் போன் அடிக்கும். அம்மாவை எடுக்கச் சொல். எனக்குக் குரல் வர ஒரு நிமிடம் ஆகலாம். அவளை வைத்துவிடாமல் லைனில் இருக்கச் சொல்.

நான் இருக்கிறேன்.

தம்பி